ஸ்புட்னிக்குக்கு முன்பே தொடங்கிய மாற்றம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவிய அதிர்ச்சியில்தான் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் அறிவியலையும் கணிதத்தையும் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டன என்று பலரும் எழுதிவருவது பாதி உண்மையே. இலினாய் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் பெபர்மனின் குழு 1951ஆம் ஆண்டிலேயே பள்ளிக் கணிதப் பாடத்தைத் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டது, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) இயற்பியலாளர் ஜெரால்டு சகரியாஸ் பள்ளி இயற்பியல் பாடக் குழுவை அமைத்ததும் 1956இலேயே. ஸ்புட்னிக் தந்தது பணமும் வேகமும். 1958 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் வழியே பள்ளி ஆய்வகக் கருவிகளுக்கு நிதி கிடைத்தது.

சகரியாஸ் குழுவின் பாடத்தில், சூத்திரங்களை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, கண்ணாடி அடித்தளம் கொண்ட ஆழமற்ற தொட்டியில் நீரலைகளை எழுப்பி, அவை வளைவதையும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதையும் மாணவர்கள் தாமே கண்டு, அதன் வழியே ஒளியின் இயல்பை ஆராய்ந்தார்கள். கணிதத்துக்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. பொருள்களின் தொகுப்புகளை ஆராயும் கணக் கோட்பாட்டை முன்வைத்த 'புதிய கணிதம்', ஆசிரியர்கள் பலருக்குப் போதிய பயிற்சி அளிக்கப்படாமலேயே வகுப்பறைகளுக்குள் நுழைந்து, 1970களில் பெரும்பாலும் கைவிடப்பட்டது. அந்தத் தோல்விக்குப் பாடத்தை மட்டும் குறைகூறுவது நியாயமன்று என்பதே என் கருத்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்