முதல் ஆயிலை எங்கே மாற்றுவது?

கோயம்புத்தூர்,
செப்டம்பர், 2026.

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தின சேதியை நாலே வரியில் முடித்துவிட்டு, காருக்கு முதல் ஆயில் எங்கே மாற்றுவது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் குறை சொல்லமாட்டேன். ஐம்பது தாண்டி ஓட்டக் கற்று, போன செப்டம்பரில் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, தீபாவளிக்கு வேகன் ஆர் எடுத்தவள் நீ. இரண்டு பக்கம் என்ன, நாலு பக்கம் எழுதலாம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை இந்த வருடம் விட்டு விட்டுத்தான் பெய்கிறது. இவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் காலை நடைக்குக் கூப்பிடுவேன் என்று இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறார். சின்னவன் பெங்களூரில் வீடு மாறியிருக்கிறான். மற்றதெல்லாம் நேரில் பேசலாம், காருக்கு வருகிறேன்.

உன்னைச் சுற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். முதலில் உன் மாமனார். புது இன்ஜினில் இரும்புத் தூள் இருக்கும், முதல் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டரிலேயே வடித்திருக்க வேண்டும், விட்டுவிட்டாயே என்கிறார். அம்பாசிடர் ஓட்டியவர் வேறு எப்படிச் சொல்வார்? அவர் காலத்து இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று உரசிப் படிய நாளாகும். அப்போது தேய்ந்து வந்த தூளெல்லாம் ஆயிலில்தான் சேரும். இப்போது தொழிற்சாலையிலேயே சிலிண்டரை நுணுக்கமாகக் கடைந்து மெருகேற்றி அனுப்புகிறார்கள். மிச்சம் மீதி வருவதை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் உன் முதல் சர்வீஸில் ஆயிலைத் தொடாமல் வெறுமே பார்த்து அனுப்பினார்கள். யாரும் உன்னை ஏமாற்றவில்லை. மாருதியில் 1,000, 5,000, 10,000 கி.மீ. என்று மூன்று சர்வீஸுக்கு லேபர் இலவசம். ஆயில் மாற்றுவது 10,000-த்தில், அல்லது ஒரு வருடத்தில், எது முந்துகிறதோ அப்போது.

உனக்கு வருடம்தான் முந்தும். மீட்டர் 5,000-ஐயே இப்போதுதான் தாண்டியது என்று எழுதியிருக்கிறாய். பேத்தியைப் பள்ளியில் விட்டு, கும்பேஸ்வரர் கோயில் போய், காய்கறி வாங்கி வீட்டுக்கு வந்தால் இன்ஜின் முழுசாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறாய். உள்ளே சேரும் ஈரமும், எரியாமல் வழிகிற பெட்ரோலும் ஆவியாகிப் போவதற்கு ஆயில் நன்றாகச் சூடேற வேண்டும். கும்பகோணத்துத் தெருக்களில் அது எங்கே நடக்கிறது? பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு. அதற்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஆகவே கிலோமீட்டர் குறைவுதானே, இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம் என்று நினைத்துவிடாதே. குறைவாக ஓடும் வண்டிக்குத்தான் தேதி முக்கியம். மாமனாரின் மனசு ஆறவேண்டும் என்றால் சில வாரம் முன்னதாகவே மாற்றலாம், கெடுதல் ஒன்றும் இல்லை, காசுதான் கொஞ்சம் வீண்.

அடுத்தது உங்கள் மெக்கானிக் பாய். உங்கள் மூன்று கார்களையும் அவர்தான் பார்த்தார், நீ கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் கை பட்ட வண்டிதான் ஓடுகிறது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் என்று சொல்கிற மனிதர். அவரிடம் இலவசமாகக் கிடைக்கிற யோசனைக்கு எந்த ஷோரூமிலும் ஈடு கிடையாது. ஆனால் இந்த முதல் ஆயிலை அவரிடம் கொடுக்காதே என்றுதான் சொல்வேன். இரண்டு காரணம்.

ஒன்று, ஆயில். அவர் பட்டறையில் டிரம்மில் இருப்பது 20டபிள்யூ-40 என்கிற கெட்டி ஆயிலாக இருக்கும். பழைய வண்டிகளுக்கு அது சரி. உன் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று எடுத்துப் பார். 0டபிள்யூ-16 மாதிரி மிக மெல்லிய ஆயிலாக இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு இவ்வளவு தண்ணியான ஆயிலா என்று பாய் சிரிப்பார், உன் மாமனாரும் சேர்ந்து சிரிப்பார். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் கோயம்புத்தூரிலும் இதே சண்டைதான். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது ஆயில் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்பதற்கு. எண் சிறிதாக இருந்தால் சீக்கிரம் ஓடும். பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. ஓடுகிற இன்ஜினின் சூட்டைத் தெர்மோஸ்டாட் ஒரே அளவில் வைத்திருக்கும். வெளியே ஊட்டியானாலும் கும்பகோணமானாலும் உள்ளே பெரிய வித்தியாசம் வராது. நம்ம ஊர் காலை நேரத்தில்கூட எந்த ஆயிலும் 100 டிகிரியில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டியாகத்தான் இருக்கும். ஆக வெயிலைக் காட்டி கெட்டி ஆயில் ஊற்றச் சொல்வதில் அர்த்தமில்லை. இந்தப் புது இன்ஜின்களில் ஆயில் போகிற வழிகளும் குறுகல், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கருவிகூட ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. கெட்டி ஆயிலை ஊற்றினால் வண்டி உடனே நின்றுவிடாது. மைலேஜ் குறையும், இன்ஜினை வடிவமைத்தவர்கள் போட்ட கணக்கும் மாறும்.

சரியான ஆயிலை நாமே வாங்கிக்கொண்டு போய் அவரிடம் ஊற்றச் சொன்னால் என்ன என்று கேட்பாய். நல்ல யோசனைதான், ஆனால் அங்கேதான் இரண்டாவது காரணம். வாரண்டி. உன் காருக்கு மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கி.மீ. அதாவது 2028 தீபாவளி வரை, உங்கள் ஊர் மகாமகமே அதற்குள் வந்து போய்விடும். வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி போச்சு என்று உன்னிடம் ஷோரூமில் சொன்னார்களே, அது அப்படியே உண்மையில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மேல் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஸ்பேர் பார்ட்ஸை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக. வெளியில் வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக்கூடாது, வெளியில் செய்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், அது தனிக் கதை. சட்டம் நம் பக்கம் சாய்ந்தாலும், நாளைக்கு இன்ஜினில் ஏதாவது வந்தால் பில்லைத் தூக்கிக்கொண்டு அலைகிறது நாமாகத்தான் இருக்கும். பாய் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் கணக்கை யாரும் ஏற்கமாட்டார்கள். கம்பெனியின் கம்ப்யூட்டரில் தேதி, கிலோமீட்டர், ஆயில் எல்லாம் வரிசையாகப் பதிந்திருந்தால் பேச்சே எழாது. வண்டியை விற்கும்போதும் அந்தப் பதிவுக்கு மதிப்புண்டு. மூன்று வருடம் முடியட்டும், அப்புறம் பாயிடமே போ. நான் அப்படித்தான் செய்தேன்.

பெட்ரோல் பங்கில் அரை மணியில் மாற்றித் தருகிறார்கள் என்று உன் பிள்ளை சொல்வதைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். அவனுக்கு எல்லாமே அரை மணியில் முடியவேண்டும்.

மிச்சம் இருப்பது திருச்சி ஷோரூம். வாங்கின இடத்தில்தான் இலவச சர்வீஸ் என்று போன் பண்ணிப் பண்ணிக் கூப்பிடுகிறார்களா? வாரண்டியும் இலவச சர்வீஸும் கம்பெனி கொடுப்பது, அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் சென்டரிலும் செல்லும். தொண்ணூறு கிலோமீட்டர் போய்த் தொண்ணூறு கிலோமீட்டர் வருவதால் உனக்குக் கிடைக்கும் ஒரே லாபம், அன்றைக்காவது இன்ஜின் நன்றாகச் சூடாகும். கும்பகோணத்திலேயே அங்கீகாரம் பெற்ற சென்டரில் கொடு. ஏதாவது சொட்டினாலோ சத்தம் வந்தாலோ மறுநாள் காலையிலேயே போய் நிற்கலாம். அந்த வசதிக்காகவே நான் பக்கத்து இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

போகும் நாளையும் பார்த்துக்கொள். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எந்த சர்வீஸ் சென்டரிலும் கால் வைக்க முடியாது. ஊரில் உள்ள வண்டியெல்லாம் வாட்டர் வாஷுக்கு வந்து நிற்கும், உன் காரின் அடியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. உன் ஒரு வருடக் கெடுவும் அதை ஒட்டித்தான் முடிகிறது. கெடு தாண்டினால் லேபரும் உன் தலையில் விழும். அதனால் இந்த மாதக் கடைசியில், ஒரு செவ்வாயோ புதனோ, காலையில் கடை திறந்ததும் போய்விடு. பாதி கூட்டம் சனிக்கிழமைக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கும்.

அங்கே போனதும் உனக்கு நடக்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். "சார் வரலையா மேடம்?" என்பார்கள். எனக்கு இங்கே ஒரு சென்டரில் நடந்தது: நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த சர்வீஸ் அட்வைசர் பையன் இவரைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இவருக்கோ ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கே இன்ஜின் ஃப்ளஷ், ஏசிக்கு மருந்து, த்ராட்டில் கிளீனிங் என்று எஸ்டிமேட் நீண்டது. நான் பேனாவை வாங்கி ஒவ்வொன்றாக அடித்தேன். ஒரு வயசுகூட ஆகாத இன்ஜினுக்குள் கழுவ என்ன இருக்கிறது? இலவச சர்வீஸ் என்றால் லேபர்தான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் நீதான் காசு கொடுக்கவேண்டும். அதோடு இந்த மருந்து மாயமெல்லாம் சேர்ந்தால் பில் இரண்டு மடங்காகிவிடும். வீல் அலைன்மென்ட் மட்டும் செய்துகொள், நம்ம ரோட்டுக்கு அது தேவைதான்.

கையேட்டைக் கையிலேயே வைத்துக்கொள். ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஆயில் என்ன கிரேடு, எத்தனை லிட்டர் என்று எழுதச் சொல். வடிக்கிற போல்ட்டுக்குப் புது வாஷர் போடுவீர்களா என்று சும்மா ஒரு வார்த்தை கேள். இந்தக் கேள்வியைக் கேட்கிறவளிடம் மற்ற பேச்செல்லாம் குறைந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். பழைய ஃபில்டரை ஒரு கவரில் போட்டு டிக்கியில் வைக்கச் சொல். வீட்டுக்கு வந்து பாயிடம் காட்டி அப்புறப்படுத்திக்கொள்ளலாம், அவருக்கும் மரியாதை கொடுத்த மாதிரி இருக்கும்.

பழைய ஆயில் கறுப்பாக வந்தால் பதறாதே. அழுக்கை இழுத்து வைத்துக்கொள்வது அதன் வேலை. எங்கள் தெருவில் ஒருத்தர் அந்தக் கழிவு ஆயிலைக் கேட்டு வாங்கிப்போய் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுகிறார். அதையெல்லாம் உரிமம் உள்ளவர்களிடம்தான் கொடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது, யார் கேட்கிறார்கள்? சாக்கடையில் ஊற்றாமல் இருந்தால் சரி.

மறுநாள் காலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், சமதளத்தில் வைத்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார். இரண்டு குறிக்கும் நடுவில் இருக்கவேண்டும். குறைவு எவ்வளவு தப்போ அதிகமும் அவ்வளவு தப்பு. கூடுதலாக ஊற்றினால் உள்ளே நுரைத்துவிடும். ராத்திரி இன்ஜினுக்கு நேர் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து வை. ஒரு சொட்டு இருந்தாலும் நேராக அவர்களிடம் கொண்டு போ, பாயைக் கூப்பிட்டு இறுக்கச் சொல்லாதே. வடிக்கிற போல்ட்டின் மரையை ஒரு சுற்று அதிகம் முடுக்கினாலே போயிற்று.

கார்த்திகையில் நாங்கள் வருகிறோம். ஜனசதாப்தியில் டிக்கெட் போட்டாயிற்று, மதியம் வந்து சேரும். ஆட்டோ எல்லாம் வேண்டாம், நீயே ஓட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா. பின் சீட்டில் எப்போதும் கிடக்கிற அந்த அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிடு, இவர் முன்னால் உட்கார்ந்தால் உனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

அன்புடன்,
சாந்தி