டவர் அணைந்த நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவது? – தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்),
புது தில்லி.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், அருமனைக்கும் ஆறுகாணிக்கும் இடைப்பட்ட மலையடிவாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். 31 ஆண்டுகள் கிளை அஞ்சலகம் ஒன்றைக் கவனித்து ஓய்வுபெற்றவன் நான். அந்நாட்களில் வளைகுடாவிலிருந்து வந்த கடிதங்களையும் பணவிடைகளையும் வீடுவீடாகச் சேர்ப்பித்த பழக்கத்தால், இன்றும் ஊரார் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அப்போது கடிதத்தை நீட்டியவர்கள் இப்போது கைப்பேசியை நீட்டி, "சாரே, இது என்னவாக்கும் எழுதியிருக்கு?" என்று கேட்கிறார்கள். அப்படி என் கைக்கு வந்த குறுஞ்செய்திகளில் என்னை உறங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு வரிதான்: "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது." அந்த வரி பொய்யாக வந்த கதையையும், அது பொய்யாகவே நிலைத்துவிட உங்கள் விதிகளில் உள்ள ஓர் இடைவெளி எவ்வாறு உதவுகிறது என்பதையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கடந்த ஐப்பசியில் எங்கள் பகுதியில் தொடர்மழை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. மழையும், மரம் சாய்ந்து மின்கம்பி அறுவதும் எங்களுக்குப் புதிதல்ல. வியாழக்கிழமை மாலை மின்சாரம் போயிற்று. எங்கள் கைப்பேசி டவரின் பாட்டரி சில மணி நேரம் தாங்கியது. இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் ஊரிலும் அடுத்த இரண்டு ஊர்களிலும் அந்த டவரை நடத்தும் நிறுவனத்தின் இணைப்புள்ள கைப்பேசிகள் எல்லாம் ஒருசேர ஊமையாயின. வெள்ளிக்கிழமை மாலையே மின்வாரிய ஊழியர்கள் நனைந்துகொண்டே கம்பியை இழுத்துக்கட்டி மின்சாரத்தைக் கொடுத்துவிட்டார்கள். டவர் மட்டும் திங்கட்கிழமை முற்பகல் வரை உயிர் பெறவில்லை. அதன் அடியில் பூட்டிய கேட்டும் ஒரு பெயர்ப்பலகையும் மட்டுமே இருந்தன. பலகையில் எழுதியிருந்த எண்ணை அழைக்க வேண்டுமானால், அந்த டவர் வேலை செய்தாக வேண்டும்.

சனிக்கிழமை பின்னிரவில் பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு நெஞ்சுவலி வந்தது. மகன் சவூதியில் இருக்கிறார். வீட்டில் மருமகளும் இரண்டு பிள்ளைகளும் மட்டுமே. அந்தப் பெண் கொட்டும் மழையில் டார்ச் விளக்கோடு, மேட்டிலுள்ள தோட்டமான எங்கள் மேல்விளைக்கு ஏறினார். அங்கே ஒரு மூலையில் நின்றால் கேரளத்து டவரின் சிக்னல் ஒன்றிரண்டு கட்டம் கிடைக்கும். எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த இடம் அது. அவசர உதவி எண்ணை அழைத்தார். அழைப்பு கேரளத்தில் போய் விழுந்தது. எங்களுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும் என்பதால் மொழியில் தடையில்லை. எந்த மாவட்டம், எந்த மாநிலம், எந்த மருத்துவமனை என்று விளங்கவைத்து, எந்த வண்டி எல்லை தாண்டி வரும் என்று அவர்கள் பார்ப்பதற்குள் இரண்டு முறை அழைப்பு அறுந்துபோயிற்று. முடிவில் ரப்பர் பால் ஏற்றும் ஜீப் ஒன்றை எழுப்பி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம். மூதாட்டி பிழைத்துக்கொண்டார். மகனுக்குத் தாயின் நிலை தெரியவந்தது மூன்றாம் நாள்.

டவர் வந்தபின் அந்தப் பெண்ணுக்காக நானே புகார் பதிவு செய்தேன். புகார் எண் கிடைத்தது. இரண்டாம் நாள் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. யாரும் அழைத்துக் கேட்கவில்லை, யாரும் வந்து பார்க்கவில்லை, பாட்டரியும் மாற்றப்படவில்லை. அடுத்த மாதமே, பலமான மழைகூட இல்லாத ஒரு நாளில், டவர் மீண்டும் 30 மணி நேரம் அணைந்து கிடந்தது. உங்கள் 2012ஆம் ஆண்டு விதிமுறைகளில் சொன்னபடி, 30 நாட்களுக்குள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். வந்த பதில் இதுதான்: குறிப்பிட்ட தேதிகளில் கன்னியாகுமரி மாவட்ட அளவில் சேவைத் தடை எதுவும் பதிவாகவில்லை, ஆகவே இழப்பீட்டுக்கு இடமில்லை.

அந்தப் பதிலைப் படித்த பிறகே உங்கள் 2024ஆம் ஆண்டு சேவைத்தர விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். ஆகஸ்டில் வெளியிட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த அந்த விதிமுறைகளில் நல்லவை பல உண்டு. சேவை மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் தடைப்பட்டால் மாதக் கட்டணக்காரருக்குக் கட்டணக் கழிவும் முன்பணம் கட்டியவருக்குச் செல்லுபடிக் கால நீட்டிப்பும் தர வேண்டும் என்று முதல்முறையாக எழுதிவைத்தீர்கள். இயற்கைப் பேரிடருக்கு விலக்கு அளித்ததையும் நியாயம் என்றே ஏற்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் நாட்கணக்கில் இருந்தோம். தூத்தூர், வள்ளவிளை, நீரோடிக் கரைகளில், கடலுக்குப் போனவர்கள் திரும்பினார்களா என்று கேட்கவும் வழியில்லாமல் பெண்கள் கரையிலேயே காத்துக் கிடந்தார்கள். அப்படியொரு நாளில் ஒரு நிறுவனத்தைக் குறை சொல்லி நான் மனு எழுத மாட்டேன். ஆனால் மின்சாரம் வந்த பிறகும் மூன்று இரவுகள் டவரை அணைத்துப் போட்டிருந்ததற்குப் பேரிடர் என்று பெயரில்லை.

நான் சுட்டிக்காட்ட விரும்பும் இடைவெளி, அந்த விதியில் உள்ள 'மாவட்ட அளவில்' என்ற சொல்லில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் ஒருபுறம் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை போன்ற நெருக்கமான நகரங்கள் உள்ளன. மறுபுறம் பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறை, ஆறுகாணி என்று மலையும் காடும் ரப்பர் தோட்டமுமாகச் சிதறிய ஊர்கள் உள்ளன. முன்னவற்றில் ஒரு டவர் அணைந்தால் அடுத்த டவர் கைகொடுக்கும். பின்னவற்றில் ஒரே ஒரு டவர்தான். அது அணைந்தால் மூன்று ஊர் இருண்டுவிடும். மாவட்டம் முழுவதையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் கணக்கில் அந்த மூன்று ஊர்கள் ஒருநாளும் தென்படப் போவதில்லை. சேவை நன்றாக உள்ள நகரத்தாருக்கு உங்கள் விதி தேவைப்படுவது அரிது. அடிக்கடி தேவைப்படும் எங்களுக்கோ அது எட்டாத உயரத்தில் இருக்கிறது. இவ்விதியை எழுதியவர்களின் எண்ணம் இதுவாக இருந்திருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

சிக்னல் வரைபடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தெந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கும் என்பதைக் காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் உங்கள் ஆணையே. அந்த வரைபடத்தில் எங்கள் ஊர் முழுவதும் 4ஜி நிறம் பூசிக் கிடக்கிறது. உண்மையில் சாலையோரம் கிடைக்கும் சிக்னல், ரப்பர் விளைக்குள் நூறடி நடந்தால் போய்விடுகிறது. ஈரம் தங்கிய அடர்ந்த இலைக்கூரை அலைகளை விழுங்கிக்கொள்வதே காரணம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து மரங்கள் மொட்டையாக நிற்கும் நாட்களில் எங்கள் வீட்டிலேயே பேச்சு சற்றுத் தெளிவாகக் கேட்பதை நானே பல ஆண்டுகளாகக் கவனித்திருக்கிறேன். வாகனத்தில் கருவியை வைத்துச் சாலைவழியே அளக்கும் உங்கள் சோதனை, விளைக்குள் இறங்குவதில்லை. ஆனால் கைப்பேசி மிகவும் தேவைப்படுவது அங்கேதான். பால்வெட்டும் தொழிலாளி, ஆணோ பெண்ணோ, விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனியாக மரத்துக்கு மரம் நடக்கிறவர். பாம்பு தீண்டினாலோ பன்றி முட்டினாலோ அவர் கூப்பிடக் கையில் உள்ளது அந்த ஒன்றுதான்.

எல்லைப்புறத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது வரைந்த எல்லைக்கோட்டை அலைவரிசைகள் அறியா. ஆறுகாணியிலிருந்து கொல்லங்கோடு வரை எல்லையோரம் வாழ்பவர்களின் கைப்பேசி, எங்கள் டவர் தளர்ந்த நொடியில் அக்கரை டவரைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது சேவை குறைந்து, தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்தில் புகார் செய்தால் "அது கேரள வட்டத்து டவர்" என்கிறார்கள். அங்கே கேட்டால் "உங்கள் எண் தமிழ்நாட்டு வட்டத்தது" என்கிறார்கள். இந்தத் தொலைத்தொடர்பு வட்டங்கள் நிர்வாக வசதிக்கானவை. பணம் ஒரே நிறுவனத்துக்குத்தான் போகிறது. பொறுப்பும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

28 நாள் ரீசார்ஜ் ஆண்டுக்கு 13 முறை வருவதைப் பற்றி ஊரில் பேசாதவர் இல்லை. 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022இலும், இணையம் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரிலும் நீங்கள் ஆணையிட்டதற்கு, பட்டன் போன் வைத்திருக்கும் எங்கள் முதியவர்கள் சார்பில் நன்றி சொல்கிறேன். கடைகளில் கேட்டால்தான் அத்திட்டங்களைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதையும் இங்கே குறித்துவிட்டு, என் விஷயத்துக்குத் திரும்புகிறேன்.

நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உள்ளது. ஆனால் நான்கு நாள் சேவையின் விலை ஐம்பது ரூபாய்கூட வராது. அதற்காக ஒரு பால்வெட்டுத் தொழிலாளி நாள்கூலியை விட்டு, பஸ் ஏறி நாகர்கோவிலுக்கு எத்தனை முறை வருவார்? தனிநபர் புகாரை விசாரிக்கும் அதிகாரம் சட்டப்படி உங்களுக்கு இல்லை என்பதையும் அறிவேன். அதனால்தான் எங்கள் ஐம்பது ரூபாயை நான் உங்களிடம் கேட்கவில்லை. விதியைத் திருத்தும் அதிகாரம் உங்களிடம் உள்ளது, அதைக் கேட்கிறேன்.

சேவைத் தடையை மாவட்டத்தை வைத்து அளக்காமல் ஒவ்வொரு டவரையும் வைத்து அளக்க வேண்டும். ஒரு டவர் எத்தனை மணிக்கு அணைந்தது, எத்தனை மணிக்கு மீண்டும் இயங்கியது என்பது நிறுவனத்தின் கணினியில் நொடி பிசகாமல் பதிவாகிறது. அந்தப் பதிவை ஊராட்சி வாரியாகப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடச் சொல்ல வேண்டும். ஒரே டவரை நம்பியிருக்கும் ஊர்களில், மின்சாரம் போன பின் குறைந்தது எத்தனை மணி நேரம் அது தாங்க வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும். எல்லையோர டவரிலிருந்து செல்லும் அவசர அழைப்பு, அழைப்பவர் நிற்கும் மாநிலத்துக்கே போய்ச் சேரும்படி உரிய துறைகளோடு சேர்ந்து வழி செய்ய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புகார் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் எந்தப் புகாரையும் முடித்துவைக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் தொழில். பதிவுத் தபாலைப் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து இல்லாமல் "ஒப்படைக்கப்பட்டது" என்று ஒருநாள் எழுதியிருந்தாலும் என் வேலை போயிருக்கும், போவதுதான் முறை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடமும் மைதடவிப் பெருவிரல் ரேகை வாங்கி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிய பிறகே பணவிடைத் தொகையைக் கொடுத்திருக்கிறேன். மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊதியம் பெற்ற கிராமத்து அஞ்சல் ஊழியரிடம் நாடு எதிர்பார்த்த அந்த நேர்மையை, கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களைக் கொண்ட நிறுவனங்களிடமும் எதிர்பார்ப்பது மிகையாகாது. இன்றுள்ள முறையில் புகாரை முடித்ததாக எழுதுவது நிறுவனம். மேல்முறையீட்டைக் கேட்பது அதே நிறுவனத்தின் அலுவலர். இத்தனை விழுக்காடு தீர்த்தோம் என்று உங்களுக்குக் கணக்கு அனுப்புவதும் அந்த நிறுவனமே. அந்தப் பெண் மழையில் மேல்விளை ஏறிய இரவு அந்தக் கணக்கில் தீர்க்கப்பட்ட புகாராக அமர்ந்திருக்கிறது. அதை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஆனி முதல் கார்த்திகை வரை எங்கள் டவர் அணைந்த தேதி, நேரம், அப்போது ஊரில் மின்சாரம் இருந்ததா இல்லையா என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். மூன்று ஊர்க்காரர்களும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதன் நகலை இம்மடலோடு விரைவு அஞ்சலில் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியுள்ளேன். நிறுவனத்தின் பதிவேட்டை வரவழைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறேன். நேரில் பார்க்க அதிகாரி எவரேனும் வந்தால், சிக்னல் கிடைக்கும் அந்த மேல்விளை மூலைக்கு நானே அழைத்துப் போகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கிளை அஞ்சல் அலுவலர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.