சட்டத்துக்கு நாள் குறிக்கிறீர்கள், பணத்துக்கும் அதே நாளைக் குறியுங்கள்

கால்நடை நலச் சட்டங்களையும் பண்ணை மானியங்களையும் வகுக்கிற அமைச்சர்கள், செயலர்கள், நிபுணர் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

பண்ணைக் கோழியையும் பன்றியையும் அடைத்து வைக்கும் கூண்டுகளை ஒழிக்கலாமா என்று பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் எழுந்து ‘கறி விலை ஏறிவிடும்’ என்கிறார். அத்தோடு கோப்பு மூடப்படுகிறது. அதையும் மீறிச் சட்டம் நிறைவேறினால், அமலாகும் தேதி மட்டும் துல்லியமாக அச்சாகிறது. மாற்றத்துக்கு வேண்டிய பணம் எப்போது வரும் என்று தேடினால் ‘நிதிநிலைக்கு உட்பட்டு’ என்ற இரண்டு சொற்கள்தான் கிடைக்கின்றன. இந்த இரண்டையும் பார்த்துப் பார்த்துப் பொறுமை தேய்ந்து இதை எழுதுகிறோம். கோரிக்கை ஒன்றுதான்: சட்டம் அமலாகும் நாளிலேயே அதற்கான பணமும் பண்ணைக்கு வந்து சேர வேண்டும்.

திரும்பிப் படுக்கக்கூட இடமில்லாத கம்பிச் சட்டகத்துக்குள் ஒரு தாய்ப்பன்றி தன் 115 நாள் சினைக் காலத்தைக் கழிப்பது கொடுமை என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அது தொடரக் கூடாது. விலையைக் காட்டி அதைத் தள்ளிப்போடுவதுதான் எங்களை உறுத்துகிறது. ஏனென்றால் அந்த விலைக் கணக்கை யாரும் முழுதாகப் போட்டுப் பார்ப்பதில்லை.

கறிக்கோழியை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டு விதிப்படி ஒரு சதுர மீட்டருக்கு 33 கிலோ உயிர் எடை என்பது அடிப்படை வரம்பு. காற்றோட்டமும் இறப்பு விகிதமும் சரியாக இருந்தால் 42 கிலோ வரை போகலாம். 1,000 சதுர மீட்டர் கொட்டகையில் 2.4 கிலோ கோழி என்று வைத்தால், 42 கிலோ அடர்த்தியில் 17,500 கோழிகள்; 33 கிலோ அடர்த்தியில் 13,750. கொட்டகைக் கடன், ஆள் கூலி, சூடேற்றும் செலவு எல்லாம் ஏறத்தாழ அப்படியே இருப்பதால், கிலோவுக்கு அந்தச் செலவு 27 சதவீதம் கூடுகிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் மொத்தச் செலவை 100 என்று வைத்தால் இவை சுமார் 20 பங்குதான். தீவனம் மட்டுமே 65 பங்கு. ஆக, மொத்தச் செலவு 105 அல்லது 106 ஆகும். பண்ணை விலை கடை விலையில் பாதி என்றால், வாங்குகிறவருக்கு ஏறுவது 3 சதவீதத்துக்கும் குறைவு. நடுவில் இருப்பவர்கள் தங்கள் லாபத்தைச் சதவீதக் கணக்கில் வைத்தால்தான் அது ஐந்தரை சதவீதமாகிறது.

இனத்தை மாற்றுவது வேறு கதை. வேகமாக வளரும் கோழி ஒரு கிலோ எடை கூட 1.6 கிலோ தீவனம் தின்னும். 38 நாளில் பிடித்துவிடலாம். மெதுவாக வளரும் இனத்துக்கு 56 நாள் வேண்டும், தீவனம் 2.1 கிலோ வரை போகும். தீவனச் செலவு மட்டுமே 20 பங்கு கூடுகிறது. கழுவி, சுண்ணாம்பு அடித்துக் காயவிடும் 14 நாளையும் சேர்த்தால், ஆண்டுக்கு 7 பேட்ச் எடுத்த கொட்டகையில் 5 பேட்ச்தான் எடுக்க முடியும். கால் முடங்காமல், நெஞ்சுப் பாரம் தாங்காமல் விழாமல் அந்தக் கோழி வாழ வேண்டுமென்றால் இனமாற்றம்தான் பெரிய வழி. செலவும் அங்கேதான் பெரிது. உங்கள் மானியங்களோ பெரும்பாலும் கட்டடத்துக்கே வருகின்றன. செலவு தீவன மூட்டையிலும் கூடுதல் நாட்களிலும் இருக்கும்போது, சிமென்டுக்குக் கொடுத்துவிட்டு விலை ஏன் ஏறியது என்று கேட்பது நியாயமா?

கட்டடத்துக்கான பணமாவது ஒழுங்காக வருகிறதா என்றால், அதுவும் இல்லை. முட்டைக்கோழிப் பண்ணை ஒன்று கூண்டிலிருந்து பல அடுக்குத் திறந்த கொட்டகைக்கு மாறுவதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஐரோப்பிய விதியில் பயன்படு பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 9 கோழிகள். பயன்படு பரப்பு என்றால் குறைந்தது 30 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயர இடைவெளி, 14 சதவீதத்துக்கு மிகாத சரிவு. முட்டைப் பெட்டிகள் இருக்கும் இடம் கணக்கில் சேராது. வரைபடம் போட்டவர் 60 சதுர மீட்டர் முட்டைப் பெட்டி இடத்தையும் சேர்த்து எண்ணிவிட்டால், கட்டி முடித்த பிறகு வரும் ஆய்வாளர் 540 கோழிகளைக் குறைக்கச் சொல்வார். அந்த 540 கோழிகளின் வருமானம் கடன் முடியும்வரை இல்லை. தவணை மட்டும் குறையாது.

அதற்குள் பழைய பேட்சை விற்றுக் கொட்டகையைக் காலி செய்திருப்பார்கள். முட்டை வருமானம் நின்றிருக்கும். மானியமோ செலவு செய்து, ரசீது காட்டி, ஆய்வு முடிந்த பிறகே கிடைக்கும்; அதுவரை வட்டிக்கு வாங்கிய பணத்தில்தான் வேலை ஓட வேண்டும். புதுக் கோழிகளைக் கடைசி நேரத்தில் கூண்டுப் பண்ணையிலிருந்து வாங்கி விட முடியாது. குஞ்சிலிருந்தே அடுக்குகளில் தாவி, கம்பியில் ஏறி உட்காரப் பழகிய வளர்கோழிகள் வேண்டும். அவற்றை 16 வாரத்துக்கும் முன்பே சொல்லி வளர்க்க வேண்டும். ஆய்வு மூன்று வாரம் தள்ளினால் கோழி காத்திருக்காது. வளர்ப்புக் கொட்டகையிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். அதன்பின் இடம் மாற்றினால் மிரண்டு, முட்டைப் பெட்டியை விட்டுவிட்டுக் கூளத்தில் முட்டையிடும். அழுக்கு முட்டைக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது. கூளத்திலேயே உட்காருகிற கோழிகளை மற்றவை கொத்தத் தொடங்கினால் இறப்பும் ஏறும். எந்தக் கோழியின் நலனுக்காகச் சட்டம் வந்ததோ, அந்தக் கோழிதான் உங்கள் காகித வேலையின் தாமதத்துக்கு முதலில் பலியாகிறது. இதைச் சொல்லும்போது கோபம் வராமல் இல்லை.

நீண்ட அவகாசம் கொடுத்தால் போதும் என்பதும் சரியாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல், முட்டைப் பெட்டியோ ஏறி உட்காரக் கம்பியோ இல்லாத வெறுங்கூண்டுக்குத் தடை எழுதி, 2012 ஜனவரி 1 வரை நேரம் தந்தது. 12 ஆண்டுக்கும் மேல்! ஆனாலும் அந்தத் தேதியில் 13 உறுப்பு நாடுகள் முழுமையாக மாறியிருக்கவில்லை. முதலில் மாறுகிறவர் கூடுதல் செலவோடு பழைய விலைக்கே விற்க வேண்டும், கடைசியில் மாறுகிறவர் அதுவரை லாபம் பார்ப்பார் என்றால், யார் முந்துவார்கள்? பலரும் ஒரே நேரத்தில் கடைசியில் மாறியதால் முட்டை குறைந்து அவ்வாண்டு விலை எகிறியது. பழி சட்டத்தின் மேல் விழுந்தது.

கலிஃபோர்னியாவிலும் இதுதான் நடந்தது. 2018-இல் மக்கள் வாக்களித்த விதிப்படி தாய்ப்பன்றிக்கு 24 சதுர அடி. ஒரு தாய்ப்பன்றி ஆண்டுக்கு 25 குட்டி வளர்த்துத் தந்தால், அதன் கூடுதல் இடச் செலவு இரண்டாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சியில் பரவிவிடும். ஆனால் விதி முழுத் துண்டு இறைச்சிக்கு மட்டும்தான். அரைத்ததற்கும் சமைத்ததற்கும் இல்லை. உடலின் ஒரு பகுதியே மொத்தச் செலவையும் சுமந்தது. விதியை எதிர்த்த வழக்கு 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிய, ஜூலை 1-ஆம் தேதி விதி நடைமுறைக்கு வந்தது. அந்த இடைவெளியில் எந்தப் பண்ணையும் கொட்டகையைப் பிரித்துக் கட்ட முடியாது. விதிக்கு உட்பட்ட துண்டுகளின் விலை சராசரியாக 20 சதவீத அளவுக்கு உயர்ந்ததை அமெரிக்க வேளாண் துறையின் பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். இதில் பன்றிக்குக் கிடைத்த இடத்தின் விலை எவ்வளவு, அவசரத்தின் விலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

எல்லையை மறந்தால் கதை இன்னும் மோசம். பிரிட்டன் 1999-இல் சினைப்பன்றிச் சட்டகங்களைத் தனியாகத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அந்தத் தடை 2013-இல்தான் வந்தது, அதுவும் சினையின் முதல் நான்கு வாரம் கழித்து. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் பிரிட்டனின் தாய்ப்பன்றிகள் ஏறத்தாழப் பாதியாகின. வலுவான பவுண்டுக்கும், 2000, 2001 ஆண்டுகளில் தாக்கிய நோய்களுக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் அங்கே தடைசெய்த அதே சட்டகத்தில் வளர்ந்த இறைச்சி கடல் கடந்து வந்து கடையை நிரப்பியது. உலக வர்த்தக விதிகள் இடம் தராது என்று இனிச் சொல்லாதீர்கள். கடல்நாய் (சீல்) பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை பற்றி உலக வர்த்தக அமைப்பில் நடந்த வழக்கில் 2014-இல் வந்த தீர்ப்பு, விலங்கு நலன் பொது ஒழுக்கத்தைச் சார்ந்தது என்பதை ஏற்றது. பாகுபாடு இல்லாமல் விதியை எழுத வேண்டும் என்பதே அது சொன்ன கண்டிப்பு.

இறைச்சியின் மலிவைப் பற்றிப் பேசும்போது தீவனப் பயிருக்கும் கால்நடைத் தலைக்கணக்குக்கும் நீங்கள் கொடுத்துவரும் மானியங்களையும் ஏன் பேசுவதில்லை? அந்த மலிவு இயற்கையாக வந்ததில்லை. பொதுப்பணத்தில் ஒரு விலையைத் தாழ்த்திவைத்துவிட்டு, விலங்குக்குக் கொஞ்சம் இடம் கேட்டால் மட்டும் சந்தையை இழுக்கிறீர்கள். ஜெர்மனியில் 2020 பிப்ரவரியில் முன்னாள் வேளாண் அமைச்சர் போர்ஹெர்ட் தலைமையிலான நிபுணர் குழு கிலோ இறைச்சிக்கு 40 சென்ட் வரி வைத்து அதைக் கொட்டகை மாற்றத்துக்குத் தரச் சொன்னது. வரி வரவே இல்லை; 2023-இல் வளர்ப்பு முறையைக் குறிக்கும் முத்திரைச் சட்டம் மட்டும் வந்தது. சுவிட்சர்லாந்து 1990-களிலிருந்தே வெளியே மேயவிடுவதற்கும் நல்ல கொட்டகைக்கும் ஆண்டுதோறும் விலங்குக் கணக்கில் பணம் தருகிறது, எல்லையில் சுங்கமும் வைத்திருக்கிறது. முடியாத காரியம் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதைப் பணிவாகவே மறுபடி சொல்கிறோம். கட்டுவதற்கு முன்பே வரைபடத்தில் பயன்படு பரப்பை அளந்து ஆய்வாளர் கையெழுத்திடட்டும்; அந்தக் கையெழுத்தோடு மானியத்தில் பாதி முன்பணமாக வரட்டும். மீதியைக் கடன் தவணை முடியும்வரை ஆண்டுதோறும், இனத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப விலங்குக் கணக்கில் கொடுங்கள். முதல் ஆண்டில் மாறுகிறவருக்கு அதிகம், கடைசி ஆண்டில் மாறுகிறவருக்குக் குறைவு என்று இருக்கட்டும். இறக்குமதிக்கும் அதே விதி, அதே நாள். ஒவ்வொரு விதிக்கும் கிலோவுக்கு எவ்வளவு செலவு கூடுகிறது, கடையில் எவ்வளவு ஏறியது என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

அடுத்த வரைவில் ‘அமலாகும் நாள்’ என்ற பிரிவுக்கு நேர் கீழே ‘பணம் வழங்கும் நாள்’ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, இரண்டிலும் ஒரே தேதியை எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பண்ணைச் செலவுக் கணக்குப் பார்க்கிறவர்கள்