பொருந்தாத பிரேக் ரோட்டர்களும் உங்கள் சேவைப் பிரிவு சொன்ன யோசனையும்: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: தவறான அளவில் வந்த முன் பிரேக் ரோட்டர்கள், பணம் திரும்பப் பெறுதல், விற்பனைப் பட்டியலைத் திருத்துதல் தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என்னிடம் இருப்பது 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் இன்ஜின். அதன் முன் சக்கரங்களுக்கு உங்கள் தளத்தில் ஒரு ஜோடி ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் வட்டு) வாங்கினேன். மாடல், வருடம், இன்ஜின் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் ‘உங்கள் காருக்குப் பொருந்தும்’ என்று பச்சை டிக் போட்டீர்கள். பொருந்தவில்லை. சரி, தவறு யாருக்கும் நேரும். ஆனால் அதற்குப் பிறகு உங்களிடமிருந்து வந்த பதில்களைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை.

பழைய ரோட்டரைக் கழற்றுவதே ஒரு வேலை. ரோட்டரை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டையும் எடுத்தாயிற்று. துருவில் ஒட்டிக்கொண்டிருந்த ரோட்டரை, அதற்கென்றே அதில் விட்டிருக்கும் மரைத் துளைகளில் போல்ட்டை முறுக்கித்தான் தள்ளி எடுக்க முடிந்தது. குறைந்தபட்சத் தடிமன் 16 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டரில் அதற்கும் கீழே காட்டியது. ஆகவே அதைத் திரும்ப மாட்டி ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை.

ரோட்டர் உட்காரும் ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, உங்கள் புது ரோட்டரின் எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் துடைத்து மாட்டினேன். அழகாக உட்கார்ந்தது. நான்கு போல்ட்டும் சரி, நடுத்துளையும் சரி. பிராக்கெட்டை மேலே கொண்டுபோனபோதுதான் அது ரோட்டரின் விளிம்பில் முட்டி நின்றது. போல்ட் துளைகள் நேருக்கு நேர் வரவே இல்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 255 மில்லிமீட்டர். என் காருக்கு வேண்டியது 235.

இது ஊரறிந்த விஷயம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் 1.6 இன்ஜினுக்கு 235, 1994 மாடலில் 1.8 இன்ஜின் வந்தபோது 255. தடிமனும் 18-லிருந்து 20 ஆனது. உங்கள் பக்கமோ 1990 முதல் 1997 வரை எல்லாவற்றுக்கும் ஒரே பொருளைக் காட்டுகிறது. விட்டம் எவ்வளவு என்ற தகவலே அங்கு இல்லை. ‘வாங்கும் முன் அளந்திருக்கலாமே’ என்று கேட்டார் உங்கள் ஊழியர். அளந்திருந்தாலும் எதோடு ஒப்பிடுவது?

அப்புறம், பூச்சைத் துடைத்ததால் ‘பயன்படுத்திய பொருள்’ ஆகிவிட்டதாம், திருப்பி எடுக்க முடியாதாம். மாட்டும் முன் பூச்சைத் துடைக்கச் சொல்வது அதே பெட்டிக்குள் இருந்த உங்கள் துண்டுச்சீட்டு! ஒர்க் ஷாப்பில் மாட்டாமல் வீட்டில் மாட்டினேன் என்பது அடுத்த காரணம். எத்தனை கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்தாலும் அதே பிராக்கெட்டில்தான் வந்து முட்டியிருப்பார்.

இவையெல்லாம் எரிச்சல் மட்டுமே. தொலைபேசியில் உங்கள் ஊழியர் ‘பிராக்கெட்டின் உள்பக்கத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்துவிட்டால் போய்விடும்’ என்று சொன்னாரே, அதுதான் பயமாக இருக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது பேடுகளை (ரோட்டரை உரசிப் பிடிக்கும் பட்டைகளை) ரோட்டர் இழுக்கும் விசை முழுவதையும் தாங்குவது அந்தப் பிராக்கெட்தான். அதில் உலோகத்தைக் குறைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அப்படியே தேய்த்து நுழைத்தாலும் பேடுகள் பழைய 235-க்கான வட்டத்தில்தான் பிடிக்கும். வெளிவிளிம்பில் 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு பேடே படாமல் துருப்பிடிக்கும். எனக்கு இது தெரிந்ததால் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டேன். முதல்முறையாகப் பிரேக் வேலையில் இறங்கியிருக்கும் ஒருவர் நம்பிச் செய்திருந்தால்? அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக உங்கள் குரல் அறிவிப்பே சொன்னது. தயவுசெய்து நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

முழுத் தொகையையும், அனுப்பும் செலவையும் சேர்த்துத் திருப்பித் தாருங்கள். மாற்று ரோட்டர் வேண்டாம். 235 மில்லிமீட்டர் ஜோடியை வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன். அதைவிட அவசரம் அந்தப் பக்கத்தைத் திருத்துவது: இன்ஜின் வாரியாக இரண்டு பதிவுகளாகப் பிரித்து, விட்டத்தையும் தடிமனையும் எழுதுங்கள். இதே ரோட்டரை 1.6 காருக்கு வாங்கிய மற்றவர்களுக்கும், பிராக்கெட்டைத் தேய்க்க வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு தகவல் அனுப்புங்கள். அந்த யோசனை என் ஒருவனுக்கு மட்டும்தான் சொல்லப்பட்டது என்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய ரோட்டரையும் புதியதையும் ஸ்கேலோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படங்கள், பிராக்கெட் முட்டி நிற்கும் படம், உங்கள் துண்டுச்சீட்டின் நகல், ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போனில் வேண்டாம். இரண்டு ரோட்டர்களையும் வந்த பெட்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்