அந்த மூன்று புத்தகங்களைத் தாண்டச் சொல்லாதீர்கள்

ராபர்ட் ஜோர்டானின் 'தி வீல் ஆஃப் டைம்' என்ற மிகைபுனைவு நாவல் தொடரை ஒவ்வொரு புத்தகமாகக் காத்திருந்து வாங்கிப் படித்த மூத்த வாசகர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் என் அக்கா மகள் போன் செய்தாள். அமேசான் பிரைமில் வந்த தொடரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவள் அவள். 2025 மே மாதம், மூன்று சீசன்களோடு அதை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும், மீதிக் கதையைப் படித்தே தெரிந்துகொள்கிறேன் என்று முதல் புத்தகத்தில் தொடங்கினாள். இப்போது ஏழாவதின் கடைசி அத்தியாயங்களில் இருக்கிறாள். "மாமா, எட்டு, ஒன்பது, பத்து மூணையும் விட்டுடு, சுருக்கத்தைப் படிச்சுட்டு நேரா பதினொண்ணுக்குப் போன்னு எல்லாரும் சொல்றாங்களே, போயிடட்டுமா?" என்று கேட்டாள்.

எல்லாரும் என்று அவள் சொன்னது உங்களைத்தான். எனக்கும் 2014-இல் இதே யோசனையைச் சொன்னீர்கள். நானும் அப்படியே செய்தேன். அதில் எனக்கு என்ன போயிற்று என்பதை உங்களிடம் சொல்லவே இந்த மடல். கதையின் முக்கியமான சில இடங்களைத் தொடாமல் இதைப் பேச முடியாது. இன்னும் படித்து முடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில், உங்கள் கோபம் நியாயமானது. 1990 ஜனவரியில் முதல் புத்தகம் வந்தது. 1994-க்குள் ஆறு புத்தகங்கள். அந்த வேகத்துக்குப் பழகிய உங்களுக்கு அடுத்தவை 1996, 1998, 2000, 2003, 2005 என்று தள்ளித் தள்ளி வந்தன. எட்டாவது புத்தகத்தின் முடிவில், கதையின் நாயகர்களில் ஒருவனான பெரினின் மனைவி ஃபயீலை ஷைடோ என்ற எதிரிக் குலத்தார் பிடித்துப் போகிறார்கள். பதினொன்றாவதில்தான் பெரின் அவளை மீட்கிறான். கதையில் அது சில மாதங்கள். உங்களுக்கு ஏழு வருடங்கள். எட்டாவதில் இன்னொரு நாயகனான மேட் ஒரு பக்கத்தில்கூட வரவில்லை. பத்தாவதைக் கையில் எடுத்தால், ஒன்பதாவதின் முடிவில் முதன்மை நாயகன் ராண்ட், ஆண்களின் மந்திர சக்தியான சைதீனைத் தூய்மைப்படுத்திய அதே நாளை ஒவ்வொரு பாத்திரமும் தூரத்திலிருந்து உணர்வதாகவே நூற்றுக்கணக்கான பக்கங்கள் போகின்றன. இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தவருக்குக் கதை ஓர் அடியும் நகரவில்லை என்று தோன்றியதில் தப்பே இல்லை. களிமண் வயலில் கால் புதையப் புதைய நடப்பது போன்ற அந்த வாசிப்புக்கு 'ஸ்லாக்' என்று நீங்கள் பெயர் வைத்தீர்கள். அந்தப் பெயர் அன்றைக்குச் சரியாகவே பொருந்தியது.

அதற்கும் மேல், உங்களுக்கு ஒரு பயம் இருந்தது. எனக்கு அது இருந்ததில்லை. ராபர்ட் ஜோர்டான் தனக்கு அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோய் வந்திருப்பதை 2006-இல் அறிவித்தார். 2007 செப்டம்பர் 16 அன்று, 58 வயதில், கதையை முடிக்காமலே போய்விட்டார். இந்தக் கதைக்கு முடிவே கிடைக்காதோ என்ற கவலையோடு நீங்கள் வாழ்ந்த நாட்களில் எனக்கு இந்தத் தொடரின் பெயர்கூடத் தெரியாது. 2013-இல் கடைசிப் புத்தகம் வந்த பிறகு, 14 புத்தகங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, சௌகரியமாகப் படிக்க உட்கார்ந்தவன் நான்.

ஆனால் அந்தச் சௌகரியம்தான் இங்கே முக்கியம். உங்கள் தீர்ப்பில் புத்தகமும் இருக்கிறது, காத்திருப்பும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்காமல், புத்தகம் மோசம் என்று மட்டும் எங்களிடம் சொல்கிறீர்கள். பத்தாவதை முடித்த அதே இரவில் பதினொன்றாவதைத் திறக்கக்கூடியவளுக்கு உங்களுடைய 2003-ஆம் வருடத்து ஏமாற்றம் வரவே வராது. அவளுக்கு அது ஒரு நீண்ட மழைக்கால அத்தியாயம் போல இருக்கலாம். கொஞ்சம் அலுப்புத் தட்டலாம். ஆனால் கதை அவளைக் கைவிட்டுவிட்டது என்று தோன்றாது.

சரி, நான் இழந்தது என்ன என்று சொல்கிறேன். பெரினின் கோடரி.

முதல் புத்தகத்தில் ஓநாய்களோடு வாழும் எலியாஸ் பெரினிடம் சொல்வது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அந்தக் கோடரியைப் பயன்படுத்த நீ வெறுக்கிறவரை அது உன்னிடம் இருக்கலாம், வெறுப்பு நின்றுபோன நாளில் அதை முடிந்த தூரம் எறிந்துவிட்டு ஓடிப்போ என்கிற பொருளில் சொல்கிறார். அதன் பிறகு ஒன்பது புத்தகங்கள் அந்தக் கோடரி பெரினின் இடுப்பில் தொங்குகிறது. பத்தாவதில், மனைவியைத் தேடி அலைந்து மனசு மரத்துப்போன நிலையில், பேச மறுக்கும் ஒரு ஷைடோ கைதியின் கையைப் பெரின் வெட்டுகிறான். ஆத்திரத்தில் செய்வதில்லை, நிதானமாகச் செய்கிறான். தனக்குள் என்ன நின்றுபோயிற்று என்று அந்தக் கணமே அவனுக்குப் புரிந்துவிடுகிறது. கோடரியைத் தூக்கி எறிகிறான். அது ஒரு மரத்தில் போய்க் குத்தி நிற்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு நடக்கிறான்.

நான் படித்த சுருக்கத்தில் இது ஒரே வரி: கைதியைச் சித்திரவதை செய்து தகவல் பெறுகிறான். கோடரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் பதின்மூன்றாவது புத்தகத்தில் பெரின் தன் சுத்தியலை உலையில் காய்ச்சி அடித்து உருவாக்கும் காட்சி வந்தது. நீங்களெல்லாம் உடம்பு சிலிர்த்ததாகச் சொல்லும் காட்சி அது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவன் ஓர் ஆயுதம் செய்கிறான், அவ்வளவுதான். பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து, ஒரு நீண்ட விடுமுறையில், முதலிலிருந்து எதையும் தாண்டாமல் மறுபடி படித்தேன். பத்தாவதில் அந்த மரம் வந்தது. அன்று அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பிறகு பதின்மூன்றாவதில் அந்த உலைக்களம் வந்தபோது என் கண் நிறைந்துவிட்டது. கொல்வதற்கு மட்டுமே ஆகிற கோடரிக்கும், கட்டவும் உதவுகிற சுத்தியலுக்கும் நடுவே பெரின் கடந்துவந்த தூரம் முழுக்க என் கால்களிலும் வலித்தது. முதல் தடவை அந்த வலி எனக்கு வராததற்குக் காரணம், நடக்க வேண்டிய தூரத்தை வண்டியில் ஏறிக் கடந்துவிட்டேன்.

ஜோர்டான் வியட்நாமில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி வீரராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே தனக்கு இரண்டு பட்டப்பெயர்கள் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒன்று கணேசர், அதாவது நம் பிள்ளையார், தடைகளை நீக்குபவர். மற்றொன்று 'ஐஸ்மேன்'. இரண்டாவது தனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். பெரினின் கோடரிக் காட்சியை எப்போது நினைத்தாலும் எனக்கு அந்த இரண்டாவது பெயர்தான் நினைவுக்கு வருகிறது. உள்ளே எல்லாம் உறைந்துபோனால் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய பக்கங்கள் அவை என்று நான் நம்புகிறேன். அவற்றைத்தான் விட்டுவிடு என்கிறோம்.

இன்னொன்றும் உங்களிடம் கேட்க வேண்டும். 2014-இல், அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருதின் சிறந்த நாவல் பிரிவில் இந்தத் தொடர் முழுவதும் ஒரே படைப்பாக இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. விருது வேறொரு நாவலுக்குப் போனது, அது இருக்கட்டும். இது பல தொகுதிகளாக வெளிவந்த ஒரே கதை, ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்று அப்போது வாதாடியவர்கள் நீங்கள். அந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஒரே கதை என்றால், நடுவிலிருந்து மூன்று தொகுதிகளை உருவி எடுத்துவிட்டு மீதியைப் படி என்று புதியவரிடம் எப்படிச் சொல்ல முடிகிறது?

ஜோர்டான் போன பிறகு கதையை எழுதி முடித்த பிராண்டன் சாண்டர்சன் வந்துதான் தொடரைக் காப்பாற்றினார் என்ற பேச்சும் எனக்கு வருத்தம் தருகிறது. அவர் செய்தது பெரிய காரியம். ஜோர்டானின் மனைவியும் அவருடைய எடிட்டருமான ஹேரியட் மெக்டூகல் அவரைத் தேர்ந்தெடுத்தார். ஒரே புத்தகமாக முடியவேண்டியது மூன்றானது. அத்தனையையும் அவர் எழுதி முடித்துக்கொடுத்தார். தொடக்கத்தில் மேட் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று வாசகர்கள் சொன்னபோது அதை மறுக்காமல் ஒப்புக்கொண்டார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 2005-இல் வந்த பதினொன்றாவது புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். ஃபயீல் மீட்கப்படுகிறாள், இளவரசி எலேய்னுக்கு ஆண்டோர் நாட்டின் அரியணை கிடைக்கிறது, மேட்டும் டூவானும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். முடிச்சுகளை அவிழ்த்து வேகத்தைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஜோர்டானேதான். அவர் முழுதாக எழுதி முடித்த கடைசி நாவல் அது. கதையின் இறுதிக் காட்சியையும் அவர் சாவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். சேற்றில் இறங்கியவர் தானே கரையேறியும் காட்டினார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குறைகளை மறைக்கச் சொல்லவில்லை. நைனீவ் பின்னலை இழுக்கும் போதெல்லாம் எனக்கும் எரிச்சல் வரும். பெண்கள் பாவாடையை நீவிக்கொண்டே இருப்பதும், ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவே மாட்டோம் என்று 14 புத்தகங்களுக்கு அடம்பிடிப்பதும், பத்தாவதில் எலேய்னின் குளியலும் எனக்கும் தாங்கவில்லை. என் அக்கா மகள் இதில் இன்னும் கறாரானவள். பெண்களை எழுதிய விதத்தில் ஜோர்டானோடு சண்டை போட அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகமே இருக்கிறது. அந்தச் சண்டையை அவள் போடட்டும். அதற்கும் முழுதாகப் படித்திருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். புதிதாக ஒருவர் வந்து எட்டாவதைப் பற்றிக் கேட்டால், உங்கள் கருத்தோடு வருடத்தையும் சொல்லுங்கள். "நான் இதை 1998-இல் படித்தேன், அடுத்ததுக்கு இரண்டு வருடம் காத்திருந்தேன், அதனால் கோபமாக இருந்தேன்" என்று சொல்லுங்கள். எங்களுக்கு அது ஒரு வரலாறு. அதைக் கேட்க எங்களுக்கு ஆசையாகவே இருக்கிறது. பத்தாவது கடினம் என்றால் கடினம் என்றே சொல்லுங்கள். ஒரு மாதம் இடைவெளி விட்டுத் தொடரச் சொல்லுங்கள். மைக்கேல் கிராமரும் கேட் ரீடிங்கும் வாசித்த ஒலிப்புத்தகத்தைக் கைகாட்டுங்கள். சமைத்துக்கொண்டே கேட்டால் எலேய்னின் குளியல்கூடக் கடந்துபோய்விடும். படிக்கிறவர் பாதியில் சோர்ந்து தானாக விட்டுவிட்டால் அது அவர் முடிவு. ஆனால் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அந்த முடிவை நாம் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

அக்கா மகளிடம் எட்டாவதைப் படி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் தொடங்குகிறாள். எப்படியும் உங்களிடமும் வந்து கேட்பாள், என் பேச்சை மட்டும் நம்புகிறவள் இல்லை. இந்த மடலை அவள் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன். நீங்களும் அந்தக் கோடரியைப் பற்றி மட்டும் அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
தாமதமாக வந்து சேர்ந்த ஒரு வாசகன்