தம்பிக்கு, திருவாரூரிலிருந்து

சிவமயம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். மழைக்கு அம்மாவின் முழங்கால் வலி மட்டும் கூடியிருக்கிறது. சித்தப்பா குறுவை அறுத்த நெல்லை ரோட்டில் காயப்போடுவதும், தூறல் விழுந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுமாக இருக்கிறான். பதினைந்து நாளாகத் தூக்கமில்லை. ரோடெல்லாம் நெல்லும் ஈரமும்தான். அங்கேயும் மழை என்கிறார்கள். ராத்திரியில் வண்டி எடுக்காதே.

உங்கள் பேண்ட் மறுபடி வாசிக்கப் போகிறதாமே. என்னிடம் தவில் கற்றுக்கொள்ள வருகிற பையன் செல்போனில் போஸ்டரைக் காட்டினான். "எனக்குத்தான் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, ததிங்கிணதோமை இன்னொரு தரம் சொல்லுடா என்று அவனை அதட்டினேன். பதினாறு வருஷம் வாசித்த கூட்டம், ஐந்து வருஷம் சும்மா இருந்துவிட்டுத் திரும்புகிறது. பெற்றவனுக்கு அதை ஊரார் பிள்ளை வந்து சொல்லவேண்டியிருக்கிறது. சரி, அம்மாவிடம் சொல்லியிருப்பாய். அவளும் வாயைத் திறக்கவில்லை.

உன் அறையில் டிரம்ஸ் வாசிக்கிற அந்தக் கனடாக்காரர் படம் இன்னும் இருக்கிறது. ஓரம் செல்லரித்துவிட்டது, நான் கழற்றவில்லை. கூடத்தில் தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, உள்ளே நீல் பியர்ட்டா என்று கேலி செய்திருக்கிறேன். ஆனால் நீ சொன்ன ஒரு விஷயம் மறக்கவில்லை. ரஷ் பேண்டில் இருபது வருஷம் வாசித்து, உலகமெல்லாம் பேர் வாங்கி, நாற்பது வயதுக்கு மேல் ஃப்ரெடி குரூபர் என்ற பெரியவரிடம் போய், குச்சி பிடிப்பதிலிருந்து திரும்பக் கற்றுக்கொண்டாராம். நம் பக்கத்தில் எந்த வித்வான் இதைச் செய்வான்? நான் செய்யமாட்டேன்.

மற்றதைப் பையன் சொன்னான். 1997-இல் மகள் கார் விபத்தில் போக, அடுத்த வருஷமே மனைவியும் புற்றுநோயில் போக, மனுஷன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் 88,000 கிலோமீட்டர் சுற்றியிருக்கிறார். கூட வாசித்த இரண்டு பேரும் அவர் இடத்தில் வேறு ஆளைப் போடவில்லை. 2002-இல் வந்த ஆல்பம் அவருடைய டிரம்ஸில்தான் தொடங்குகிறது. போட்டுக் காட்டினான். முடிவில் அடிக்கிற தீர்மானத்தை எடுத்த எடுப்பிலேயே வைக்கிற மாதிரி ஒரு அடி. 2020 ஜனவரியில் அவரும் போய்ச் சேர்ந்தார். இப்போது அந்த இரண்டு பேரும் அனிகா நில்லஸ் என்ற ஜெர்மன் பெண்ணை டிரம்ஸில் உட்காரவைத்து, 2026-இல் மேடை ஏறுவதாக அறிவித்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த 88,000 கிலோமீட்டர்தான் மனதில் நிற்கிறது. பேண்ட் நின்றதும் நீயும் பைக்கை எடுத்துக்கொண்டு லடாக் பக்கம் போனாய். இன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறாய் என்று அம்மாவுக்குத் தெரியும். நான் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

2020 பங்குனியில் கோயிலை அடைத்தார்கள். கல்யாணமெல்லாம் வீட்டோடு முடிந்தது. என் தவில் ஆணியிலேயே தொங்கி வார் தளர்ந்துபோய், தட்டினால் ஈரச்சாக்கைத் தட்டுகிற சத்தம். வேலை இல்லாவிட்டாலும் ஒருநாள் துணியைக் கிழித்துப் பசை தடவி, விரலுக்குக் கூடு சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ அம்மாவைக் கூப்பிட்டு, எல்லாம் நின்றுபோய்விட்டது என்றாய். "நல்லதாப் போச்சு, இனிமேலாவது தவிலைத் தூக்குவான்" என்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது தெரியாது என்று அம்மாவிடம் இத்தனை வருஷமாகச் சாதிக்கிறேன். தெரியும். உன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். வாசிப்பில்லாமல் கை என்ன பாடுபடும் என்று அன்றைக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? இருந்தும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. நீ ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய்.

அப்புறம், ஐந்து வருஷம் கழித்து ஒரேயடியாக இரண்டு மணி நேரம் வாசித்தால் மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் மெதுவாக, விளம்ப காலத்திலேயே சாதகம் பண்ணு. நல்லெண்ணெய் தடவு. நேரத்துக்குச் சாப்பிடு. ஒத்திகை முடிய நேரமானால் அங்கேயே படுத்துக்கொள், வண்டி எடுக்காதே.

உங்கள் நிகழ்ச்சி அன்று நாச்சியார்கோயிலில் எனக்கு ஒரு முகூர்த்தம் பேசியிருந்தார்கள். இந்தக் காலத்திலும் செண்டை மேளம் கேட்காமல் தவில் கேட்கிற வீடு. வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டேன். பையன் மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். எந்த வாசலில் வந்து நிற்கவேண்டும் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: ரயில் விடிவதற்கு முன்பே எழும்பூர் வந்துவிடும். இருட்டில் பைக்கை எடுத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட வராதே. ஆட்டோ பிடித்துக்கொள்கிறோம்.