பொன்னாடை போக மீதி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாதுகாப்பு பற்றிப் பேச வெளிநாடுகளுக்கு ஆள் அனுப்புவது வீண் செலவு என்போருக்கு ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகளால் 26 பேர் கொல்லப்பட்டதையும் அதன்பின் நடந்த ராணுவ நடவடிக்கையையும் உலக நாடுகளுக்கு விளக்க இந்தியாவிலிருந்து 7 அனைத்துக் கட்சிக் குழுக்கள் புறப்பட்டன. கனிமொழி தலைமையிலான குழு ரஷ்யா, ஸ்லோவேனியா, கிரீஸ், லாட்வியா, ஸ்பெயின் சென்றது. முன்னாள் தூதர் மஞ்சீவ் சிங் புரியும் உடன் போனார். எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் தலைமை தாங்கியதே பாதிப் பேச்சைப் பேசிவிட்டது. ஆனாலும் ஊரெல்லாம் பேசப்பட்டது எது? மாட்ரிட்டில் இந்தியாவின் தேசிய மொழி எது என்று கேட்டதற்கு, வேற்றுமையும் ஒற்றுமையும்தான் என்ற பொருளில் அவர் சொன்ன பதில்! எழுதிவைத்த உரையில் அது கிடைத்திருக்குமா?

நான் வேலை பார்த்த கல்லூரிக்கும் ஒரு வெளிநாட்டுத் தூதர் தலைமைப் பண்பு பற்றிப் பேச வந்தார். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி. குத்துவிளக்கு, வரவேற்புரை, 7 பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் போக அவருக்குக் கிடைத்தது 20 நிமிடம். கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு ஒரு மாணவி மைக் அருகே வந்து நின்றாள். அதற்குள் நாட்டுப்பண் தொடங்கிவிட்டது. நிகழ்ச்சி நிரல் போட்டவன் நான்தான்.

போகிறவர்களுக்கோ வருகிறவர்களுக்கோ, நிரல் போடுகிறவர்கள் பாதி நேரத்தைக் கேள்விக்கு விடட்டும். பொன்னாடையைக் காரில் ஏறும்போது போர்த்திக்கொள்ளலாம்.

- ஓய்வுபெற்ற பேராசிரியர், திருச்சி